டீச்சர் வீட்டு டேக்

என் வீடு ஒரு வேலை. வேலைகளைப் பட்டியல் போடும் ஒரு ஆப்பில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் சபையின் பாடகர் குழு டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும் வீடுகள் அத்தனையும் அதில் வேலைகளாக ஏறியிருக்கின்றன. வீட்டுக்குப் போய், பாடி, ஜெபம் பண்ணி, கொடுத்த முறுக்கையும் கேக்கையும் ஒரு கை பார்த்துவிட்டு வெளியே வந்ததும், குழுவின் தலைவர் போனை எடுத்து அந்த வீட்டுப் பெயருக்கு நேரே ஒரு தட்டு தட்டுவார். வீடு பச்சை நிறமாகி, முடிந்த வேலைகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இதை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெத்லகேம் மாட்டுத் தொழுவத்துக்கும் இப்படி ஒரு தட்டு தட்டியிருந்தால் வேலை சட்டென்று முடிந்திருக்குமே என்று கேலி பண்ணினேன்.

தலைவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எந்த மிஷினுக்கு எண்ணெய் விட வேண்டும், எதற்குப் பெல்ட் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் மில்லில் அந்த ஆப்பில்தான் போட்டு வைக்கிறார்களாம். அவருக்கு அதன் மேல் அப்படி ஒரு மோகம். கேரல் வேலையையும் அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். எங்கள் சபைக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சபையார் வீடுகளோ ராஜபாளையம் தொடங்கி கான்சாபுரம், வ. புதுப்பட்டி வரைக்கும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் வீட்டுக்கு வீடு டேக் ஒட்டினார். டேக் என்பது பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சின்ன வண்ணச் சீட்டு. ஊருக்கு ஒன்று. அப்புறம் ‘மாடி’, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம். ‘நாய்’, ராஜபாளையம் பக்கம் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அப்புறம் ‘துக்கம்’.

இதற்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு அங்கே ஸ்டார் கட்ட மாட்டார்கள். கேரல் வரும்போது இரண்டு வீடு முன்னாலேயே டிரம்மை நிறுத்திவிட்டு எல்லோரும் சத்தமில்லாமல் நடந்து தாண்டுவார்கள். ஒருவர் மட்டும் உள்ளே போய் மெதுவாக ஜெபம் பண்ணிவிட்டு வருவார். அடுத்த வருஷம் குழு தானாக வந்து அந்த வாசலில் பாட வேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் அந்த வீட்டில் ஸ்டார் ஏறும், துக்கம் இறங்கும். அதுவரை வீட்டுக்காரர்கள் தாங்களாக வாய் திறந்து கூப்பிடக் கூடாது. யார் வைத்த சட்டமோ தெரியாது. பைபிளில் இல்லை என்று மட்டும் தெரியும்.

என் வீட்டில் இறந்தது என் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், பள்ளிக்கூடத்து டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலுக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில் தபால்காரர் முதல் தண்ணி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் அது ‘டீச்சர் வீடு’தான். கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்து அவளிடம் ஒதுங்கியவள் நான். பிறகு திரும்பிப் போகத் தோன்றவே இல்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி காலையிலேயே அக்கா ஸ்டார் கட்ட ஸ்டூல் போட்டு ஏறிவிடுவாள். “ஏட்டி, வயரப் புடி. எம்புட்டுச் சாஞ்சிருக்கு பாரு, ஒன் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று அங்கிருந்தே அதட்டுவாள். கேரல் வரும்போது அவளும் வாசற்படியில் நின்று கூடச் சேர்ந்து பாடுவாள். நல்ல உரத்த குரல், ஆனால் எப்போதும் அரைத் தாளம் பிந்தித்தான் வரும். குழுவில் எல்லோரும் அவளுக்காக இரண்டாவது அடியில் கொஞ்சம் நின்று, அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்புவார்கள். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

அவள் போன முதல் டிசம்பரில் டிரம் நின்றது. அது சரிதான். எனக்கும் அன்றைக்குப் பாட்டுக் கேட்கிற மனசில்லை. அடுத்த டிசம்பரில் நான் காத்திருந்தேன். பரணிலிருந்து ஸ்டாரை எடுத்துத் துடைத்து, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். கேக் வெட்டித் தட்டில் அடுக்கி மூடியிருந்தேன். தெருமுனையில் டிரம் கேட்டது. இரண்டு வீடு முன்னால் நின்றுபோனது. செருப்புச் சத்தம் மட்டும் வாசலைத் தாண்டிப் போனது. நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண் உள்ளே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலுக்காக உருக்கமாக ஜெபம் பண்ணினாள். போகும்போது, “தைரியமா இருங்க அக்கா” என்றாள். தலையாட்டினேன். அந்த வருஷம் குழு இரண்டாகப் பிரிந்திருந்தது, எங்கள் பக்கம் வந்தவர்கள் எல்லாம் புதியவர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கேக் முழுவதையும் மறுநாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

மனசு விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். ஆனால் என் வாசல் இன்னும் இருட்டாகவே இருக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கேட்டு வாங்குகிற பாட்டு எனக்கு எதற்கு என்று எனக்கும் வீம்பு. போதாக்குறைக்குக் கம்பெனியிலிருந்து, ஆபீசுக்குத் திரும்பி வரச்சொல்லி மெயில் மேல் மெயில். இந்த டிசம்பரும் தாண்டிப் போனார்கள் என்றால் ஜனவரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விடுவது என்று எனக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நவம்பர் கடைசியில் அண்ணாச்சி போன் பண்ணினார்.

“தங்கச்சி, நீ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரில்ல? செத்த வந்து பாத்துட்டுப் போயேன். இந்த டேக் எல்லாம் நூல் சிக்கின மாதிரி கெடக்கு. ஒண்ண இழுத்தா ஒம்பது வருது.”

நான் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரிதான், ஆனால் என் வேலை வேறு. எங்கள் கம்பெனி செய்து விற்கும் ஒரு ஆப்பைப் பற்றி ஆத்திரத்தோடு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற ஏன் வழி வைக்கவில்லை என்று மாதம் தவறாமல் யாராவது திட்டி எழுதுவார்கள். உங்கள் யோசனையைக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்று நானும் மாதம் தவறாமல் எழுதுவேன். அந்தக் குழு எந்த ஊரில் இருக்கிறது என்று இந்த நாள்வரை எனக்குத் தெரியாது. இதை அண்ணாச்சியிடம் எங்கே விளக்குவது? வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வலது பக்கம் மலை கூடவே வந்தது, பாதி மேகத்துக்குள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா, சொல்லத் தெரியவில்லை. வெளியே தென்னை மரத்துக்கெல்லாம் ஒவ்வொரு சீட்டு தொங்கிற்று. மாந்தோப்பில் மரத்துக்கு மரம் சீட்டு, தண்ணீரில் படுத்திருந்த எருமையின் கொம்பிலும் ஒரு சீட்டு. முன் இருக்கையில் அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அவள் முதுகிலும் ஒன்று ஒட்டியிருந்தது. அதை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை, பஸ் ஆடிக்கொண்டே இருந்தது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். “எறங்குங்கம்மா, எறங்குங்க, பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு” என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டினார். என் கை முன் இருக்கைக் கம்பியில் இருந்தது.

அண்ணாச்சி வீடு மில்லுக்குப் பக்கத்துத் தெரு. காற்றில் பஞ்சுத் தூசி எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, டீ போட உள்ளே போனார். அண்ணாச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்த நோயாளியைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பார்த்தேன். வருஷா வருஷம் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, போன வருஷத்துப் பட்டியலை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். வீடுகளோடு டேக்குகளும் சேர்ந்து வந்துவிட்டன. செத்துப்போன நாய்க்கெல்லாம் இன்னும் ‘நாய்’ இருந்தது. மாடியிலிருந்து கீழே குடிவந்தவர்கள் இன்னும் மாடியில் இருந்தார்கள். ‘துக்கம்’ என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வீடுகள்.

“இதுல பாதிக்கு மேல முடிஞ்சுபோன துக்கம், தங்கச்சி. ராஜபாளையத்துல ஒரு வீட்டுல பொறவு ரெண்டு கல்யாணமே நடந்துட்டு. வாசல்ல சொந்தபந்தம் நிக்கும், ஸ்டார் தொங்கும், நாங்களும் டேக்க மறந்துட்டுப் பாடிட்டு வந்திருவோம். இத மொத்தமா எடுக்க வழி இருக்கா?”

இல்லை. அந்த ஆப்பில் பல வேலைகளை ஒரே தடவையில் தேர்ந்தெடுக்கலாம். தேதியை மாற்றலாம், ஆளை மாற்றலாம், நிறத்தைக்கூட மாற்றலாம். டேக்கை மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு வீடாகத் திறந்து, எறும்புத் தலை அளவு உள்ள ஒரு பெருக்கல் குறியைக் குறி பார்த்துத் தொட்டு, சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும். வந்தால் பட்டியல் மறுபடி முதலிலிருந்து நிற்கும். எங்கே விட்டோம் என்று தேடிப் பிடித்து அடுத்த வீட்டைத் தொட வேண்டும். விரல் கொஞ்சம் பிசகினால் வீடே அழிந்துபோகும். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை வருஷமாக எனக்குத் திட்டி எழுதிய முகம் தெரியாத மனுஷர்கள் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள், பொறுமைசாலிகள் என்று தோன்றியது.

இரண்டு வீட்டை முடித்தேன். அண்ணாச்சிக்கு மில்லிலிருந்து இன்னொரு போனில் அழைப்பு வந்தது. ஏதோ மிஷின் நின்றுவிட்டதாம். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். மூன்றாவதாக நான் திறந்த வீடு, ‘டீச்சர் வீடு’. பக்கத்தில் ஊதா நிறத்தில் ‘துக்கம்’.

போன டிசம்பரில் என் வாசலில் டிரம்மை நிறுத்தியது எது என்று அப்போதுதான் புரிந்தது. மனுஷர்கள் யாரும் என்னை மறக்கவில்லை. இந்த ஊதாச் சீட்டு ஒன்றுதான் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. பெருக்கல் குறியின் மேல் விரலைக் கொண்டுபோனேன். ஒரு தொடுதான். ஆனால் தொட்டால், நானே என் வீட்டுக்குப் பாட்டைக் கூப்பிட்டதாக ஆகும். சிரிப்பாக இருக்கலாம், படித்தவள் இப்படி யோசிப்பதா என்று கேட்கலாம். விரல் போகவில்லை, அவ்வளவுதான். அக்காவின் முதுகுச் சீட்டு நினைவுக்கு வந்தது. அவளுடைய துக்கத்தை என் கையாலேயே உரித்துப் போடுவது போலவும் இருந்தது.

அப்போது ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. எல்லா வீட்டையும் சேர்த்து மொத்தமாக எடுத்துவிட்டால்? கூட்டத்தோடு கூட்டமாக என் வீட்டுச் சீட்டும் போய்விடும். நான் எடுத்ததாக ஆகாது. துக்க வீடுகளை மட்டும் பிரித்து வைத்திருந்த பட்டியலுக்குத் திரும்பி, அத்தனையையும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். டேக் என்று இருந்த இடத்தில் ‘துக்கம்’ என்பதைத் தொட்டேன். எடுக்க வழி வைக்காவிட்டாலும், இருப்பதைத் தொட்டால் போய்விடும் என்று நினைத்தேன். நம் வீட்டு ஸ்விட்ச் அப்படித்தானே வேலை செய்கிறது?

இது அப்படிச் செய்யவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்ன நொடியில் அது நான் பிரித்து வைத்ததை மறந்துவிட்டு, சபையின் எல்லா வீடுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. டேக்கை எடுக்கத் தெரியாத அந்த ஆப்புக்குச் சேர்க்க நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு கண் சிமிட்டலில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம், வ. புதுப்பட்டி, ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாம் ஊதா. கீழே ‘மீட்க’ என்று ஒரு வரி வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தும் போனது. போதகர் ஐயர் வீட்டுக்கும் துக்கம். கோயில் மணி அடிக்கும் கோயில்குட்டியார் வீட்டுக்கும் துக்கம். அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த வீட்டுக்கும் துக்கம்.

அண்ணாச்சி திரும்பி வந்து பார்த்தார்.

“ஆத்தாடி! என்ன தங்கச்சி, ஊரு பூரா எழவா விழுந்துட்டு?”

“தெரியாம தொட்டுட்டேன் அண்ணாச்சி. திருப்பவும் முடியல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மதினி டீயோடு வந்து, என்னவென்று கேட்டு, “கேரலுக்குப் போற வேன்ல பாடைய கட்டிக்கிட்டுப் போங்க” என்றார். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊதி ஊதிச் சமாளித்தேன்.

அண்ணாச்சி போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இந்தச் சனியன இந்த வருஷம் நம்பிப் போகக் கூடாது. துக்க வீட்ட வாயாலயே சொல்லிக்கிடுவோம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?” விரலை மடக்கத் தொடங்கினார். “கான்சாபுரத்துல கொத்தனாரு வீடு. வ. புதுப்பட்டியில அந்த நர்சம்மா, பாவம், அவிய வீட்டுக்காரரு போயிட்டாரு. பொறவு...”

கூரையைப் பார்த்து யோசித்தார். எங்கேயோ மில் சங்கு ஊதியது.

“பொறவு நம்ம மடவார் வளாகம் பக்கம்...”

டீ டம்ளர் கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

“தையக்கடைக்காரரு அம்மா. அம்புட்டுத்தான்.”

“வேற யாரும் இல்லையா அண்ணாச்சி?”

கேட்டதே வழக்கத்தை மீறியதுதானோ என்னவோ. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மடக்கிய விரல்களை விரித்து வேட்டியில் துடைத்தார். “வேற யாரு? மத்த எல்லா வீட்டுலயும் பாடிற வேண்டியதுதான்.” அவருக்குப் புரிந்ததா, புரியாமலேயே சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது. திரும்பும் பஸ்ஸில் மலை இருட்டாகிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அழுதேன்.

ஆனாலும் முழு நம்பிக்கை வரவில்லை. சொன்னது அண்ணாச்சி, தெருவுக்கு வரப்போவது யாரோ, அவர்கள் கையில் இருக்கப்போவது அதே போன். எங்கள் தெருவுக்குக் கேரல் வரும் அன்றைக்கு மத்தியானமே ஸ்டாரை எடுத்துத் துடைத்து, பல்பு எரிகிறதா என்று பார்த்து, போன வருஷம் போலவே கதவுக்குப் பின்னால் வைத்தேன். கேக்கை மட்டும் வெட்டவில்லை. வெட்டிவிட்டு ஏமாறத் தெம்பில்லை. சென்னை மெயில் பதில் எழுதப்படாமல் திறந்து கிடந்தது. வைத்தியநாதர் கோயில் சாயரட்சை மணி அடித்து ஓய்ந்தபோது தெருமுனையில் டிரம் கேட்டது.

டிரம் நெருங்கி வந்தது. ஒரு பாட்டு முடிந்தது. மறுபடி டிரம். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வீடுகளை எண்ணினேன். சரியாக இரண்டு வீடு முன்னால் டிரம் நின்றது.

செருப்புச் சத்தம். தாழ்ந்த குரலில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்தேன். சரி அக்கா, நாம் ஜனவரியில் கிளம்பிவிடுவோம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். செருப்புகள் தாண்டிப் போகவில்லை. என் வாசலில் சேர்ந்துகொண்டே இருந்தன. அப்புறம் கதவு அதிர டிரம் விழுந்தது.

இரண்டு வீடு தள்ளி, பிறந்து மாதம் ஆகாத பச்சைப்பிள்ளை தூங்குகிறதாம். அதைத் தாண்டும்வரை நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை நாள் அது இரவு பகலாக அழுவதை இங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்தேன். முன்னால் அண்ணாச்சி. போன வருஷம் ஜெபம் பண்ணிய பெண் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாடினார்கள். முதல் அடி முடிந்து இரண்டாவது அடியில் பழையவர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலேயே, அரைத் தாளம் நின்றார்கள். அவள் வந்து சேர வேண்டிய இடம் அது. புதியவர்கள் தடுமாறி முன்னால் ஓடிவிட்டுத் திரும்பினார்கள். கோயிலில்கூட வாயசைத்து மட்டுமே பழகிய நான் அந்த இடத்தில் வாயைத் திறந்து பாடிவிட்டேன். சுருதி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள்.

பாட்டு முடிந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அண்ணாச்சி கீழே நின்று வயரைப் பிடித்தார். “செத்த வலது பக்கம் சாஞ்சிருக்கு தங்கச்சி” என்றார். சரி பண்ணினேன். ஸ்விட்சைப் போட்டதும் எல்லோர் முகத்திலும் சிவப்பு விழுந்தது. அவசரம் அவசரமாகக் கேக்கை வெட்டினேன், துண்டுகள் கோணல்மாணலாக வந்தன, ஒருவரும் குறை சொல்லவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஒரு தட்டு தட்டினார். டீச்சர் வீடு பச்சையானது. பக்கத்தில் ஊதாச் சீட்டு அப்படியே இருந்தது.

“இத எடுக்கணும்னா உள்ள போயி ஒண்ணொண்ணாத்தான் எடுக்கணுமாம்ல” என்று என்னைப் பார்த்தார். “ஒன் வீட்டுக்கு மட்டும் எடுத்திரவா?”

மேலே ஸ்டார் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். “ரெண்டும் இருக்கட்டும்.”

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டிரம் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. உள்ளே போய், நான் ஊரிலேயே இருந்துகொள்கிறேன் என்று சென்னைக்குப் பதில் எழுதினேன்.